பதினைந்து அங்குலம்

பதினேழு வேண்டாம் என்று அவள் இரண்டாவது முறையாகச் சொன்னாள்.

இரண்டு ஆண்களும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவள் தலைக்கு மேலாகப் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

கோவை கணபதியில், மயில்சாமியின் கார் பட்டறை. நடுவில் கறுப்பு கான்டெஸா கார். ஞாயிறன்று ரேஸ் கோர்ஸில் பழைய கார்களின் ஊர்வலம். அதற்கு இரண்டு நாள் இருந்தது.

அவள் வந்து சேர்வதற்குள் வீல்களை மாட்டிவிட்டிருந்தார்கள். பதினேழு அங்குலம். குரோமியப் பூச்சு. குனிந்தால் முகம் தெரியும்.

அவள் தம்பி கதிர்வேல் காரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தான்.

"பளபளன்னு இருக்குதுக்கா. அத்தனை கூட்டத்துலயும் நம்ம வண்டி தனியாத் தெரியும்."

நம்ம வண்டி.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் அதைக் கண்டுபிடித்தவள் அவள். டிக்கிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்துக் கிளம்பட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்துதான் வண்டியை எடுத்துவந்தாள்.

என்ஜினைப் பிரித்தபோது ஒவ்வொரு பாகமும் அவள் மடிக்கு வந்தது. அவள் அளந்து பார்த்துத் தலையசைத்த பிறகே திரும்பிப் போனது. பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. அரை நூல் பிசகினாலும் அது அவள் மேசையைத் தாண்டாது.

இப்போது எண்ணெய்க் கறைகளுக்கு நடுவே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்வீலுக்கு அருகில் போனாள்.

"ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்கண்ணா."

மயில்சாமி ஏறி உட்கார்ந்து இடப்பக்கம் ஒடித்தார்.

உலர்ந்த ஓர் உரசல்.

மட்கார்டின் உள்விளிம்பில் டயர் ஒரு கோடு இழுத்திருந்தது. நின்றிருந்த கதிர்வேலுக்கு அது தெரியவில்லை. அவளுக்கு நேர் எதிரே இருந்தது.

மயில்சாமி இறங்கி வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"உள்விளிம்பக் கொஞ்சம் தட்டி மடிச்சு உட்டாப் போதுங்க அம்மணி. வெளிய ஆருக்கும் தெரியாது."

அவளுக்குப் பத்து வயதில் நடப்பதற்காகக் காலுக்கு இரும்புக் காலிபர் மாட்டினார்கள். அளவு பெரிது. பழைய துணியைச் சுற்றி இறுக்கினார்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். வெளியே யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, ஒவ்வோர் அடியிலும்.

"தட்ட வேண்டாங்கண்ணா. கழட்டிருங்க."

குரலை உயர்த்தவில்லை. மயில்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்தார்.

கதிர்வேல் போனைப் பைக்குள் போட்டான்.

"அப்பறம் எதைத்தான் மாட்டறது?"

அவள் பின்சுவரில் சாய்த்திருந்த வீல்களைக் காட்டினாள். ஐந்து ஆரக்கால்கள். சாம்பல் நிறம். பதினைந்து அங்குலம். பக்கவாட்டில் தடித்த டயர். எந்தப் பளபளப்பும் இல்லை.

கதிர்வேலின் முகம் சப்பென்று ஆனது.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்னால் மட்டும் சற்று அகலமான டயர் வேண்டும் என்றாள். மயில்சாமி தேடி எடுத்து வந்தார். ஒவ்வொரு நட்டுக்கும் கடைசி முறுக்கை அவளே போட்டாள். நாற்காலியின் பிரேக்கை அழுத்திவிட்டு, இரு கையாலும், தோள்கள் இறுக.

உதவட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

காரை முன்வாசலுக்குத் தள்ளி வெயிலில் நிறுத்தினார்கள். இரண்டு பேரும் பத்தடி தள்ளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பரவால்லீங்க" என்றார் மயில்சாமி.

கதிர்வேல் போனை எடுக்கவேயில்லை.

அவள் நாற்காலியை அவர்களுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நின்னுட்டுப் பாத்தா கூரைதான் தெரியும். உக்காந்து பாருங்க."

மயில்சாமிக்கு முட்டிவலி. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். கதிர்வேல் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அவனும் குந்தினான்.

நீண்ட மூக்கிலிருந்து டிக்கி வரைக்கும் கறுப்புக் கோடு ஒன்று சாயாமல் ஓடியது. வீல்கள் வளைவுகளை நிறைத்திருந்தன. முட்டவில்லை, ஒளியவுமில்லை. பின்பக்கம் தரையைக் கவ்வியிருந்தது. முன்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. பாயப்போகிற ஒன்று பாயாமல் இருப்பதுபோல இருந்தது.

இப்போது முதலில் தெரிவது வீல் அல்ல. கார்.

மயில்சாமி தலையை ஒருபக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம்.

"நாப்பது வருசமா இந்த வேலைல இருக்கறனுங்க" என்றார்.

கதிர்வேல் போனை வெளியே எடுத்தான். எழுந்திருக்காமலே, குந்திய உயரத்திலிருந்தே ஒரு படம் எடுத்தான். போதவில்லைபோல, இன்னும் கொஞ்சம் தாழ்த்தி இன்னொன்று.

எதிர் லேத்துப் பட்டறைக்காரர் டீ வாங்கக் கிளம்பியவர், தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்றார். தரையில் குந்தியிருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க, ஏதாச்சும் கீழ உழுந்துருச்சுங்களா?"

"ஒண்ணும் உழுகலீங்க" என்றார் மயில்சாமி, திரும்பாமலே. "வந்து இப்பிடி உக்காருங்க."

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டார்.

அவள் சக்கர நாற்காலியைச் சற்று நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.