வெற்றுக் கல்

அவள் முதலில் முகர்ந்து பார்த்தது கணவனின் சட்டைக் காலரையா, கைக்குட்டையையா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. முகர்ந்தாள், முகம் சுளித்தாள். அது மட்டும் நிச்சயம்.

"நேத்து சாயங்காலம் யார்கூட இருந்தீங்க? உண்மையச் சொல்லுங்க."

"மெக்கானிக்கோட. வண்டி ஒரேயடியா புகை கக்குதுன்னு காட்டப் போனேன்."

"அதான் இந்த நாத்தம். இனிமே வேலைக்கு நடந்தே போங்க."

மாமியார் உள்ளேயிருந்து தலையை நீட்டினாள். "என்னம்மா, என் பிள்ளை மேல சந்தேகமா?"

"உங்க பிள்ளை மேல இல்ல அத்தை. கல்லு மேல."

அவள் வேலை விண்கல்லோடு. ஒரு சிறிய தட்டில் இரண்டு கருப்புச் சில்லுகளை அடுத்தடுத்து ஒட்டிக் காற்றில்லாத பெட்டிக்குள் வைப்பாள். இடப்பக்கம் விண்கல். வலப்பக்கம், உலையில் சுட்டுச் சுத்தமாக்கிய சாதாரண எரிமலைக் கல். அதற்கு 'வெற்றுக் கல்' என்று பெயர்.

லேசர் ஒளி கல்லில் ஒரு புள்ளியைச் சுடும். அங்கிருந்து கிளம்பும் மூலக்கூறுகளைக் கருவி எடைபோட்டு, ஒவ்வோர் எடைக்கும் ஒரு கோடாகத் திரையில் நிறுத்தும். வெற்றுக் கல்லில் ஒரு கோடும் வரக்கூடாது. வந்தால், மனிதர்கள் கொண்டுவந்த அழுக்கு என்று பொருள்.

மூன்று வாரமாக வெற்றுக் கல்லில் கோடுகள் காடாக முளைத்தன. விண்கல் வாயே திறக்கவில்லை. பல்லாயிரம் வருஷம் பாலைவன வெயிலில் கிடந்த கல் என்பதால் அதில் அவளுக்கு ஆச்சரியமும் இல்லை.

"வெள்ளிக்கிழமை கருவியைச் சோதிக்கக் குழு வருது," என்றார் தலைமை ஆய்வாளர். "வெத்துக் கல்லே அழுக்குன்னா யாரு நம்மை நம்புவா? கருவியைத் தூக்கிப் பக்கத்து ரூம்காரங்ககிட்ட குடுத்துடுவாங்க."

கோடுகளில் உயரமானது நூற்றியிருபத்தெட்டில் நின்றது. அந்துருண்டை மூலக்கூறின் எடை அது. அன்றே வீட்டுப் பீரோவிலிருந்த அந்துருண்டைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. புகை துணியில் ஒட்டி ஆய்வுக்கூடம் வரை வரும் என்று வறுவலுக்கும் பொரியலுக்கும் தடை விழுந்தது.

ஆய்வுக்கூடத்திலும் அவளுக்கு எதுவும் சரியாக இல்லை. பெட்டிக்குள்ளிருக்கும் கற்களைத் திரையில் காட்ட மூன்று வாரத்துக்கு முன் புதுக் கேமரா வந்ததிலிருந்து, தட்டை நகர்த்தும் குமிழ்கூடக் கைக்கு எதிராகத் திரும்புவதுபோல் இருந்தது. இரண்டு நாளில் கை அதற்குப் பழகிவிட்டது. கோடுகள்தான் குறையவில்லை.

புதன்கிழமை மாமியார் தன் கம்பளிச் சால்வையை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். பதினோரு ஓட்டைகள்.

"பூச்சி நல்லா சாப்பிடுது. நமக்குத்தான் வேகவச்சது."

"நாக்கு செத்துப்போச்சும்மா," என்றான் அவள் கணவன், நடந்து நடந்து வலித்த காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே.

"இன்னும் ரெண்டே நாள், பொறுத்துக்குங்க," என்றாள் அவள். அதற்குமேல் யாரும் கேலி செய்யவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவள் டெக்னீஷியனைக் கூப்பிட்டாள். கேமராவை மாட்டியவர் அவர்தான். நாளொன்றுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"அண்ணே, இந்த வெத்துக் கல்லைப் பேத்து உடைச்சுக் குப்பையில போடுங்க. ராவோட ராவா வேற கல்லு சுட்டுப்போம்."

அவர் இடுக்கியோடு வந்து நின்றார். "எது?"

"இதோ, வலது பக்கம்." திரையில் விரலை வைத்தாள். "கோடு கோடா வருதே, இதேதான். சனியன்."

அவர் திரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு இடுக்கியை மேசைமேல் வைத்தார்.

"உடைக்க மாட்டேன்."

"ஏன்?"

"புதுக் கேமரா கண்ணாடி மாதிரி. இடது வலதா தெரியும்."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு வாரமா நீங்க கரிச்சுக் கொட்டினது உங்க விண்கல்லை."

"அண்ணே! இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

குழு கருவியை அவளிடமே விட்டுச் சென்றது. அந்தக் கல்லில் நாற்பத்திரண்டு மூலக்கூறுகளை அடையாளம் கண்டு அவள் கட்டுரை எழுதினாள். தலைமை ஆய்வாளர் மாற்றலாகிப் போனார். டெக்னீஷியன் சத்தமில்லாமல் ஓய்வுபெற்றார். வீணாக நடந்த கணவனும், சால்வையைப் பூச்சிக்குக் கொடுத்த மாமியாரும் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.