பாதி மோர்பின்

"முழு மருந்தும் ஏறுறதை நேரில நிண்டு பாத்துக்கொண்டு வரச் சொன்னவர் ஐயா," என்றான் டிரைவர் தவராசா. மேசையில் மனேஜர் ஐயா வீட்டு அல்சேஷன் நாய் கால் முறிந்து முனகிக்கொண்டிருந்தது.

மிருக வைத்தியர் யேசுரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுபத்து நாலாம் ஆண்டு. கொழும்பிலிருந்து மருந்து வந்து மூன்று மாதம். மோர்பின் குப்பி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வெளியே ஓர்ஸ் ஹில் மேட்டு வெயிலில் பாலையூற்றிலிருந்து வந்த ராசமலர் வேறு, லொறி அடித்த நாயைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி இருந்தாள்.

"பாதி போட்டாலும் காணும், தம்பி."

"அந்தக் கதை வேண்டாம், டொக்டர். போன டொக்டரை ஐயா எங்க மாத்துவிச்சவர் எண்டு தெரியுந்தானே?"

தெரியும். யேசுரட்ணத்துக்குப் பள்ளிக்கூடம் போகிற மூன்று பெண்பிள்ளைகள்.

ஆனால் போன வாரம் படித்த கட்டுரை மனதை அரித்தது. மூளையில் டோப்பமீன் என்று ஒன்று வேலை செய்கிறதாம். அதை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், எலிகளுக்குப் பாதி மோர்பினே முழு மோர்பின் அளவுக்கு நோவைப் போக்கியதாம். அடக்கும் மருந்து அலுமாரியில் தாராளமாக இருந்தது. எலிக்குச் சரி, நாய்க்கு? கணக்குப் பிழைத்தால் நாய் கத்தும், தவராசா பிடித்துவிடுவான்.

கர்த்தர் விட்ட வழி என்று துணிந்தார். கண்ணாடி அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று, பாதி மோர்பினோடு மற்ற மருந்தைச் சேர்த்தார். மிச்சப் பாதியை இன்னொரு சிரிஞ்சில் இழுத்துப் பஞ்சுக்குள் ஒளித்தார்.

திரும்பிப் பார்த்தால், தவராசா ஜன்னலால் ராசமலரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சரியான கல்நெஞ்சன் என்று வைத்தியர் மனதுக்குள் திட்டினார்.

ஊசி போட்டார். கால் மணி நேரம் கழித்து எலும்பை இழுத்துப் பொருத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுத்தார். அல்சேஷன் வாயே திறக்கவில்லை.

"முழுசும் ஏறினதுதானே? ஐயா கேட்டா நான் சொல்லவேணும்."

"ஓம்." பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு பொய் சேர்ந்தது.

தவராசா வெற்றுக் குப்பியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நாயைத் தூக்கினான். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"மற்ற ஊசியைக் கெதியாப் போடுங்கோ டொக்டர், பாவம் அந்த மனிசி. இனிமேல் ஒளிக்கிறதெண்டா கண்ணாடி அலுமாரிக்கு முன்னால நிண்டு ஒளிக்காதேங்கோ, எல்லாம் அதில தெரியுது. ஜன்னலைப் பாத்துப் பாத்து என்ர கழுத்தெல்லாம் நோகுது."