பாறைமேட்டில் இரண்டு கைகள்

தேடி வந்த விமானத்தைக் கண்டதும் அவள் வலது கையைத் தூக்கி வெறிபிடித்தவள் மாதிரி ஆட்டினாள்.

இடது கையை எடுக்க முடியாது. அது நாத்தனாரின் தொடை இடுக்கில், கிழித்த சட்டைத் துணியோடு அழுந்திக் கிடந்தது. கட்டுப் போட முடியாத இடம். எடுத்தால் ரத்தம் குபுகுபுவென்று வந்துவிடும்.

அவள் ஓட்டி வந்த கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. காற்று கைவிட்டதும் இந்தப் பாறைமேட்டில்தான் இறக்க முடிந்தது. மேலிருந்து பார்த்தால் இறக்கை இரண்டும் முழுசாகத்தான் தெரியும். அடிப்பகுதி கிழிந்து, பின்னால் உட்கார்ந்திருந்த நாத்தனாரின் தொடையையும் கிழித்திருந்தது. அவளை இழுத்து வந்து இறக்கை நிழலில் கிடத்தி ஒரு மணி நேரம் ஆகிறது.

ரேடியோவில் பேசும் பொத்தான் நொறுங்கிவிட்டது. கேட்க மட்டும் முடிந்தது. விமானி கீழே தளத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு கையத்தான் ஆட்டுறாங்க. நல்லாத்தான் இருக்காங்க. இன்னொருத்தங்க நிழல்ல இருக்காங்க போல. சாயங்காலத்துக்குள்ள வண்டி அனுப்புங்க, போதும்."

ஒரு கை என்றால் நலம், இரண்டு கை என்றால் ஆபத்து. புதிதாகப் பறக்க வருகிறவர்களுக்கு அவளே வாய் வலிக்கச் சொல்லிக்கொடுக்கிற பாடம். பதற்றத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

சாயங்காலம் வரை நாத்தனார் தாங்கமாட்டாள்.

விமானம் கடைசியாக ஒரு வட்டம் போட்டது. கையை எடுத்தால் இவள் போய்விடுவாள். எடுக்காவிட்டால் விமானம் போய்விடும்.

பதினோரு வருஷமாக இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் சேர்ந்து பறந்தால் சரியாகிவிடும் என்று வீட்டுக்காரர் கெஞ்சியதால்தான் இன்றைக்கு ஏற்றிக்கொண்டாள். அந்த வாயாடி அரை மணி நேரமாக வாயே திறக்கவில்லை.

"கையத் தூக்குடி. ஒரே ஒரு தடவை. உன் கால்ல விழறேன்."

விமானம் தலைக்கு நேரே வந்தது. அவள் அழுதுகொண்டே வலது கையை மறுபடி உயர்த்தினாள்.

அவளுடைய இடது தோளை ஒட்டி, இறக்கை நிழலிலிருந்து இன்னொரு கை மெல்ல மெல்ல எழுந்தது.

"ஐயோ, ரெண்டு கையும் தூக்குறாங்க! ஹெலிகாப்டர் அனுப்புங்க, உடனே. ஒருத்தங்கதான் தெரியுறாங்க. யாருன்னு தெரியல."

மறுமுனையில், தளத்து ரேடியோவில் காத்திருந்தது வீட்டுக்காரர். யார் என்று அவர் கேட்கவில்லை. மனைவியா, தங்கையா என்று எந்த வாயால் கேட்பார்? ஓவென்று அழுகிற சத்தம்தான் வந்தது.

நாத்தனார் கண்ணைத் திறந்து அண்ணனின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் இருக்கிறோம் என்று அவருக்குச் சொல்லத்தான் வழியில்லை.