மங்கலான படம்

"தினமும் ஒரு புகார்! இன்னொண்ணு வந்தா உன் வேலை போயிடும். காய்ஞ்ச செடி ஆடுதா, அசையுதா? அதை ஏம்மா மங்கலா படம் எடுக்கறே?" என்றார் மேலாளர்.

"மறுபடி எடுத்துடறேன் சார்."

தாவரக் காப்பகத் தாளில், கையெழுத்துக் குறிப்புகளோடு ஒட்டியிருந்த செடிக்குப் பக்கத்தில் அவள் அளவுகோலை வைத்தாள்.

மேலாளர் புகார் வந்த பழைய படத்தைத் திரையில் பெரிதாக்கினார். இலை நரம்புகூடத் தெரிந்தது.

"பளிச்சுன்னுதானே இருக்கு! வீட்டிலேர்ந்து படத்தைப் பார்த்து இந்தக் குறிப்புகளை டைப் பண்றவர், வேணும்னே பொய்ப் புகார் சொல்றார். அவரை நீக்கிடறேன்."

"வேண்டாம் சார். தப்பு என் பேர்லயே இருக்கட்டும்."

"ஏன், யார் அவர்?"

"எங்கப்பா. என் கல்யாணத்துலேர்ந்து என்னோட பேசறதில்ல. படத்துக்குக் கீழே என் பேர் இருக்கும். புகார் சொன்னா நான் பதில் எழுதியாகணும்னு அவருக்குத் தெரியும், சார்."