தண்ணீர் படாத போன்

சர்வீஸ் சென்டர் பெண் அவருடைய போனை உதட்டருகே கொண்டுபோய், "ஹலோ... ஹலோ..." என்றதும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அலுவலகத்தில் அவருக்குச் 'சுத்தம் சார்' என்று பட்டப்பெயர். அடுத்தவர் தொட்ட பேனாவைத் துடைக்காமல் பிடிக்க மாட்டார். கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளுவார். இங்கேயும் நாற்காலியை ஒருமுறைக்கு இருமுறை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"பேசினா கரகரன்னுதான் கேக்குது சார். ஓட்டையில என்னமோ அடைச்சிருக்கு." அந்தப் பெண் போனை வாயோடு ஒட்டி வைத்து ஊதினாள். உள்ளேயிருந்து ஓர் அரிசிக் குருணை தெறித்து அவள் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. புறங்கையால் தட்டிவிட்டாள்.

"தண்ணில ஏதும் விழுந்துச்சா சார்? விழுந்திருந்தா வாரண்டி கிடையாது. விழலன்னா இப்பவே மாத்திக் கொடுத்துடுவோம்."

"தண்ணியா? ஒரு சொட்டு படல."

பக்கத்திலிருந்த மனைவி அவர் முழங்கையைக் கிள்ளி, காதோரம் கிசுகிசுத்தாள். "ஏங்க, உண்மையச் சொல்லிடுங்க. அது விழுந்தது வெறும் தண்ணியிலயா? கக்கூஸ்ல! அந்தப் பொண்ணு வாயில வெச்சு ஊதுது, நீங்க பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே!"

"மெதுவாப் பேசு. சொன்னா போன் போச்சு."

"என் இடுக்கியால அதை எடுத்து, ஈரம் காயட்டும்னு என் அரிசி டின்னுலயே புதைச்சு வெச்சீங்க. அரிசிய நான் கொட்டிட்டேன். இந்தப் பொய்ய எங்க கொட்டறது?"

அவர் காதில் விழாததுபோல் சுவரைப் பார்த்தார். கைப்பணம் போகாமல் இன்றைக்கே ஒரு போன் வேண்டும். அது ஒன்றுதான் அவர் மனத்தில் இருந்தது.

"நாங்க இங்க திறந்து பாக்கறதில்ல சார்," என்றாள் அந்தப் பெண். "கஸ்டமர் வாய்வார்த்தைய நம்பித்தான் மாத்திக் கொடுக்கறோம். கம்பெனி வழக்கம் அப்படி. படலதானே?"

நம்புகிறேன் என்று ஒருவர் நேர் எதிரே உட்கார்ந்து சொல்லும்போது, பொய் சொல்லத் தனித் தெம்பு வேண்டும். அவருக்கு அது இருந்தது. "கடவுள் சத்தியமா படல!"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். "கடவுளை எதுக்குங்க கக்கூஸ் வரைக்கும் இழுக்கறீங்க?" என்று முணுமுணுத்தாள்.

அந்தப் பெண் பழைய போனைக் காலடியிலிருந்த நீலக் கூடையில் போட்டாள். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு நீலக் கூடை. அதிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெட்டியில் படமும் இல்லை, பெயரும் இல்லை.

கம்ப்யூட்டரில் விவரம் ஏறும் நேரத்துக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். "எடுத்துக்குங்க சார். இன்னிக்கு மத்தியானச் சாப்பாடே இதுதான்."

அதே விரல்கள்! அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஐயோ, வேணாம் வேணாம்!" அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்த சானிடைசரை எடுத்து, "கையை நீட்டும்மா," என்று உள்ளங்கை நிறைய ஊற்றினாள். ஈர டிஷ்யூ காகிதத்தால் அந்தப் பெண்ணின் உதட்டையும் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"யார் யார் எங்கெங்க போட்டு எடுத்ததோ! வாயில மட்டும் வைக்காதே, கண்ணு. சரி, இப்ப சாப்பிடு." சொல்லிவிட்டு, தானும் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். அந்தப் பெண்ணின் முகம் மறுபடி மலர்ந்தது.

அவர் இதற்குள் பெட்டியைத் திறந்திருந்தார். போன் கண்ணாடிபோல் மின்னியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளை அவருக்குத் துடைக்கத் தோன்றவில்லை. கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். உதட்டில் ஒற்றி அழுத்தமாக ஒரு முத்தமும் கொடுத்தார்.

"பாத்தியா?" என்று மனைவியிடம் நீட்டினார். "புதுசுன்னா இதுதான் புதுசு. யார் கையும் படாதது!"

"புதுசு இல்ல சார்," என்றாள் அந்தப் பெண், பிஸ்கட்டை மென்றபடி. "திரும்பி வர்ற போனைத்தான் கம்பெனியில சரிபண்ணி, மாத்திக் கொடுக்க எங்களுக்கு அனுப்புவாங்க."

உதட்டிலிருந்த அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்போ... இது?"

"இதைக் கொண்டுவந்தவரும் உங்கள மாதிரிதான் சார், தண்ணியே படலன்னாரு."