மண்புழுவின் பாட்டில்கள்

மூன்றாவது அடி விழுந்தும் டிரைவர் பஸ் படியை விட்டு நகரவில்லை. இரும்புக் கம்பி தோளில் இறங்கியதில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. கை மட்டும் கைப்பிடியை விடவில்லை.

கல்குவாரிக்குப் பின்னால் போகும் குறுக்குச் சாலை. ஜீப்பை பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கியவர்கள் மூன்று பேர். போனில் சிக்னல் இல்லை.

உள்ளே பஸ் நிறையப் பிள்ளைகள். எல்லார் கழுத்திலும் 'கோடைகால மாணவர் சுற்றுச்சூழல் மாநாடு' என்று அச்சடித்த அட்டை தொங்கியது. அதுவரை பாட்டும் கும்மாளமுமாக வந்த வாய்கள் அடைத்துப் போயிருந்தன. டீச்சர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"பசங்க வண்டிடா இது. போதும்டா" என்றார் டிரைவர். அவர் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது. கம்பிக்காரன் பதிலுக்கு வாயிலேயே ஒரு குத்து விட்டான். ஒரு பல் தெறித்துப் படியில் விழுந்தது.

சுருண்டு விழுந்தவரை மிதித்துக்கொண்டு மொட்டைத் தலையன் ஏறினான். யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் கடைசி சீட்டுக்குப் போய்க் குனிந்தான்.

அங்கே மண்புழு உட்கார்ந்திருந்தாள். எந்நேரமும் ஆற்றங்கரைச் சேற்றிலேயே கிடப்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. அவள் சீட்டுக்கு அடியில் ஒரு நீலப் பெட்டி இருந்தது.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டி பிரின்சிபால் காரில் போகிறது என்றுதான் அவளே நினைத்திருந்தாள். சாய ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கும் இடத்தில் பிடித்த தண்ணீர். அதை மாநாட்டு மேடையில், எல்லார் கண் முன்னாலும் சோதித்துக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. பள்ளி லேபில் வைத்த பாட்டில்கள் ஏற்கெனவே இரண்டு தடவை மாயமாகிவிட்டன. இதுவும் போனால் ஆலைக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

மண்புழு பெட்டியை இரண்டு காலாலும் கவ்விக்கொண்டாள். மொட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினான். வெளியே கம்பி மறுபடி இறங்கியது, இந்தத் தடவை முழங்காலில். எலும்பு முறிகிற சத்தம் உள்ளே வரை கேட்டது.

"குடுத்துத் தொலைடி. அந்த மனுஷன் செத்துடுவாரு."

கெஞ்சிப் பார்த்த டீச்சர் கடைசியில் கையை ஓங்கிவிட்டாள். அறை வாங்கிய பிறகுதான் மண்புழு காலை விலக்கினாள்.

பாட்டில்கள் ஒவ்வொன்றாக ரோட்டில் சிதறின. மொட்டை, கண்ணாடித் தூளைச் செருப்பால் தேய்த்து, அதன்மேல் காறித் துப்பினான். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

டீச்சர் துப்பட்டாவைக் கிழித்து டிரைவரின் காலைக் கட்டினாள். யார் வீட்டுப் பிள்ளைகளுக்காகவோ ஒரு மனிதர் இப்படி அடி வாங்கியிருக்கிறாரே! ஆயுசுக்கும் இவரைக் கையெடுத்துக் கும்பிட்டாலும் தகும்.

தன்னால் பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லையே என்று டிரைவர் உடைந்த உதட்டோடு புலம்பினார்.

மண்புழு அவர் பக்கத்தில் குந்தினாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. ஆற்றுத் தண்ணீரை அப்பா காலை ரயிலிலேயே கொண்டுபோய் மாநாட்டில் ஒப்படைத்துவிட்டார், இப்போது உடைந்தது வீட்டுக் குழாய்த் தண்ணீர் என்றாள்.

டீச்சரின் விரல்கள் முடிச்சிலேயே நின்றுவிட்டன. டிரைவரின் புலம்பலும் நின்றது.

அவர் வாயோரத்து ரத்தத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தபடியே மண்புழு மெதுவாகச் சொன்னாள்.

"பெட்டி இந்த பஸ்ல வருதுன்னு உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன், அண்ணா."