நின்று பதில் சொல்பவர்

"பாருங்கம்மா, இப்பவும் நின்னுட்டாரு."

மனைவி சொன்னது சரிதான். பிசியோதெரபி அறையின் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையின் மேல் பாதி தூரம் ஒழுங்காக நடந்து வந்த கணக்கு வாத்தியார், நடுவில் நின்றிருந்தார்.

"கேஸை அணைச்சீங்களா?" என்று கூடவே நடந்த அவள் கேட்டதுதான் காரணம். சட்டென்று நின்றார். உடம்போடு அவள் பக்கம் திரும்பினார். "அணைச்சிட்டேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி.

பிசியோதெரபிஸ்டுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் குஷி. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய பாடம், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேரிலேயே வந்து நிற்கிறது.

நடப்பது தானாக நடக்கிற காரியம் என்று நினைக்கிறோம். அதற்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். வயதாக ஆகக் கால்கள் கூடுதல் பங்கு கேட்கும். அந்த நேரம் பார்த்துப் பேச்சும் வந்து பங்கு கேட்டால், கால்கள் வேலைநிறுத்தம் செய்துவிடும். பேசுவதற்காக நடையை நிறுத்துகிறவர் விழ வாய்ப்பு அதிகம். இதுதான் பாடம்.

"ஆறு மாசமா இதே கூத்துதான்" என்றாள் மனைவி. "ரோட்டைத் தாண்டும்போது கேட்டாக்கூட நடு ரோட்டுல நின்னு பதில் சொல்றாரு. பஸ்காரன் கத்தறான். குரலும் தேஞ்சுபோச்சு. வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறாரு."

அதனால் கைத்தடி வாங்கிக் கொடுத்தாயிற்று. தனியாக வெளியே போகத் தடை. மாடிப்படிக்கும் தடை. ஒரு முறைப்பில் வகுப்பையே அடக்கி வைத்திருந்தவர், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தடியும் கையுமாகச் சாதுவாக நின்றார்.

பிசியோதெரபிஸ்ட் வேலையை ஆரம்பித்தாள்.

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நின்றார். மெத்தென்ற பஞ்சுப் பலகையில் ஏற்றிக் கண்ணை மூடச் சொன்னாள். நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். தோளில் லேசாக ஒரு தள்ளு தள்ளினாள். குதிகாலிலேயே சரிசெய்துகொண்டு, கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

பாடத்தில் இது இல்லை.

மனைவியை ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்தாள். "சார், நடந்துகிட்டே நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டுப் போங்க."

கணக்கு வாத்தியாரிடம் போய்க் கேட்டிருக்கக் கூடாது.

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது..." கடைசி பெஞ்சு வரை கேட்கிற கணீர்க் குரல். சுவரோரம் போய்த் திரும்பும்போதும் கணக்கு அறுபடவில்லை. இரண்டுக்கு வந்ததும், "இதுக்கு மேல மைனஸ்ல போகணும். போகட்டுமா?" என்றார்.

போனார். மைனஸிலும் கால் நிற்கவில்லை.

அவள் பக்கத்திலேயே நடந்தபடி பென்ஷன், பேரன், முழங்கால் என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நடையிலேயே பதில் வந்தது. போதாததற்கு, "நீங்க எந்த வருஷம் படிச்சு முடிச்சீங்க?" என்று சந்தேகத்தோடு ஒரு கேள்வியும் வந்தது.

மறுபடி மனைவியை எழுப்பி அவரோடு நடக்கவிட்டு, தான் இரண்டடி பின்னால் போனாள்.

"ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?" என்றாள் மனைவி.

நின்றார். திரும்பினார். இந்த முறை பிசியோதெரபிஸ்ட் அவருடைய காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். அவர் உடனே பேசவில்லை. மனைவியின் கண்கள் தன் உதட்டுக்கு வந்து சேரும்வரை பொறுத்தார். பிறகு நிதானமாக வாயைத் திறந்து, "உனக்குப் பிடிச்சது எதுவோ அது" என்றார்.

இருவரும் மறுபடி நடந்தார்கள்.

"அம்மா, உங்க பர்ஸ் கீழ விழுந்துடுச்சு" என்று பின்னாலிருந்து சாதாரணக் குரலில் சொன்னாள் பிசியோதெரபிஸ்ட்.

வாத்தியார்தான் திரும்பினார்.

மனைவி போய்க்கொண்டே இருந்தாள்.

வாத்தியாருடைய முகத்தில், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனின் அசட்டுச் சிரிப்பு.

"காது மந்தமாயிடுச்சுன்னு அவளுக்கு இன்னும் தெரியாது. கோளாறு எனக்கே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அவர்.

"எத்தனை நாளைக்கு சார்? உங்களை நடு ரோட்டுல பஸ் அடிக்கறவரைக்குமா?"

வாத்தியார் கையிலிருந்த தடியைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் பக்கத்தில் ஆளைக் காணாமல் மனைவி பதறித் திரும்பி வந்தாள். "என்ன சொல்றாங்க? நடக்க மாட்டாராமா?"

வாத்தியார் வாயெடுத்தார். பிசியோதெரபிஸ்ட் முந்திக்கொண்டாள். மனைவிக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவளுடைய கண்கள் தன் உதட்டுக்கு வரும்வரை காத்திருந்தாள்.

"நாம விழாம நிக்கறதுக்குக் காதும் ஒரு காரணம்மா. சாருக்குக் காது டெஸ்ட் எடுக்கணும். கூட நடக்கறவங்களுக்கும் சேர்த்துத்தான் எடுப்போம்."

வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

அவள் அவருடைய முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய மனதோடு ஒத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கறேன். எனக்கொண்ணும் இல்ல. இவரு தனியா உள்ள போனா பயந்துக்குவாரு."